சமாளிக்க மாட்டேன் என்ற அக்கா

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அந்த அக்காவுக்கு மட்டும் வேர்க்காது.

கழுத்துக்குக் கீழே முதுகும் மார்பும் இரண்டு கைகளும் தீயில் வெந்து ஆறியவை. ஆறிய தோல் மெழுகு உருகி உறைந்த மாதிரி இறுகிக் கிடக்கும். அந்தத் தோலில் வேர்வை சுரக்க வழியில்லை, உடம்புச் சூடு வெளியே போகாது, வெயில் காலத்தில் குளிர்ச்சியான இடத்தில் இருங்கள் என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலைநாடு முழுக்கக் குளிர்தானே என்று நினைப்பவர்கள், ஹட்டனுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட லயத்துக் காம்பராவில், பங்குனி மாதத்து மத்தியானத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நான் அந்த லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவர் வெளிநாட்டு வீட்டு வேலையிலிருந்து திரும்பி வந்திருந்தார். காம்பரா என்று நாங்கள் சொல்லும் ஒற்றையறை வீடுகள் பத்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் லயம். கடைசிக் காம்பரா அவருடையது. அவரைப் பெற்றவர்கள் இருந்து செத்த காம்பரா. அதற்கு முந்தியது எங்களுடையது. நடுவில் ஒற்றைச் சுவர். அவர் இருமினால் எங்கள் அடுப்படியில் கேட்கும்.

'சமாளிங்க' என்ற வார்த்தையை அவரிடம் சொல்லக் கூடாது. தோட்டத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிற வார்த்தை அது. பஸ் வரவில்லையா, சமாளி. கூரை ஒழுகுகிறதா, சமாளி. மருந்து தீர்ந்து போச்சா, அடுத்த வாரம் வரைக்கும் சமாளி. யாராவது அப்படிச் சொன்னால் அக்கா நின்ற இடத்திலேயே நின்று, "நான் சமாளிக்க மாட்டேன். நீங்க என்ன செய்யப் போறீங்க, அதைச் சொல்லுங்க" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். பதில் வரும்வரை நகரவும் மாட்டார். அதனால் அவர் வருவதைக் கண்டாலே கணக்கப்பிள்ளை வேறு பாதையில் இறங்கிப் போவார்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மழை நாளில் அங்கே கூரை ஒழுகும். ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளி வைப்பேன். ஒருநாள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாளியை எடு புள்ள."

"தரையெல்லாம் நனையுமே அக்கா."

"நனையட்டும். நீ வாளி வச்சா ஒழுகாத மாதிரி இருக்கும். துரை வர்ற அன்னைக்கு நனைஞ்சு கிடக்கணும்."

பிள்ளைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு, தோட்டத்து மேனேஜர் துரை பார்வையிட வந்த அன்றைக்கு வாளிகளை எடுத்தேன். அவர் காலில் போட்டிருந்த சப்பாத்து நனைந்தது. அந்த மாதமே புதுத் தகரம் போட்டார்கள். அதன் பிறகு எனக்கு அக்காவின்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "அவகூடச் சேந்தா நீயும் வாய்க்காரியாயிடுவ" என்பார்.

அக்கா ஏசி வாங்கிப் பூட்டப்போகிறார் என்று தெரிந்தபோது லயமே சிரித்தது. லயத்துக் காம்பராவுக்கு ஏசியா என்று கேட்டவர்களிடம் அவர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் முன்னால் யாரும் சிரிக்கவில்லை.

டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். விற்றோம் போனோம் என்று இருக்காத மனிதர். அவரே ஒரு மீட்டரைக் கொண்டுவந்து அக்காவின் பிளக்கில் வைத்துப் பார்த்தார்.

"இருநூற்று முப்பது வோல்ட் இருக்கணும் தங்கச்சி. இங்க நூற்றி எழுபதுகூட இல்ல. இந்தக் கரண்டுல ஏசி ஓடாது. உறுமிட்டு நிக்கும், கடைசியில எரிஞ்சு போகும்."

"அப்ப என்ன செய்யணும்?"

"ஸ்டெபிலைசர்னு ஒரு பெட்டி இருக்கு. குறைஞ்ச கரண்டை ஏத்திக் குடுக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அது சும்மா ஏத்தாது, வயர்ல இருந்து இன்னும் கூடத்தான் இழுக்கும். நீங்க பூட்டினா மத்தவங்க வீட்டு லைட் இன்னும் இறங்கும். ட்ரான்ஸ்ஃபோமர் அங்க பெக்டரிகிட்ட இருக்கு. நீங்க கடைசி வீடு. வயரும் மெல்லிசு. குத்தம் அதுலதான்."

அக்கா வாசலுக்கு வந்து, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவர்களை நிறுத்தி, நானா சொன்னதை ஒளிக்காமல் அப்படியே சொன்னார். "என் ஏசி ஓடினா உங்க லைட் இறங்கும். பகல்ல மட்டும்தான் போடுவேன். நீங்க எல்லாரும் மலையில கொழுந்து பறிக்கிற நேரம். நீங்க வர்றப்ப நிப்பாட்டிடுவேன். ஆனா குத்தம் வயர்ல இருக்கு. எல்லாருமாச் சேர்ந்து போய்க் கேட்டா மாத்திக் குடுப்பாங்க. யாரு வர்றீங்க?"

பார்க்கலாம் என்றார்கள். ஒருவரும் போகவில்லை. அக்கா ஸ்டெபிலைசரோடு ஏசியைப் பூட்டினார்.

பகலில் லைட் இறங்குவது பெரிய விஷயமாக இருந்திருக்காது. தண்ணீர்தான் பெரிய விஷயம். லயத்துக்குக் கீழே பள்ளத்தில் ஒரு ஊற்று. அங்கிருந்து மோட்டார் வைத்து மேலே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவோம். சாயங்காலம் பத்து வீட்டிலும் லைட்டும் ரைஸ் குக்கரும் டிவியும் போட்டதும் பல்ப் சிவந்துபோகும்; அந்த நேரம் மோட்டார் எடுக்காது. ஆகவே அதையும் பகலில்தான் போட வேண்டும். ஏசியும் மோட்டாரும் ஒன்றாக ஓட அந்த வயரில் தெம்பில்லை.

மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் செல்வராஜ் அண்ணன். முதல் வீட்டுக்காரர், கால் முறிந்த பிறகு மலை வேலைக்குப் போகாதவர். அவரும் அக்காவும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மத்தியானத்துக்கு முன்னால் மோட்டார் ஓடும். அவ்வளவு நேரமும் அக்கா ஏசியை அணைத்துவிட்டு ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மோட்டார் நின்றதும் செல்வராஜ் அண்ணன் கீழேயிருந்து குரல் கொடுப்பார். அதன் பிறகு எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஏசி முனகத் தொடங்கும். ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை.

அக்காவின் முதுகுக்குக் கை எட்டாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான் போய்த் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவேன். அப்படி ஒருநாள் நான் கேட்காமலே சொன்னார்.

"அந்த வீட்டு அடுப்படியில கேஸ் டியூப் கசிஞ்சுது புள்ள. வாடை வந்துச்சு. மேடம்கிட்ட சொன்னேன். பாப்போம், இப்போதைக்குச் சமாளின்னு சொன்னா. மறுபடி சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னா. நானும் துணியைச் சுத்தி, கயித்தைக் கட்டிச் சமாளிச்சேன். நல்லாத்தான் சமாளிச்சேன். ஒருநாள் அவங்க கல்யாணத்துக்குப் போனாங்க. என்னைய உள்ள வச்சு வெளியில பூட்டிட்டுத்தான் போவாங்க. நெருப்புப் பத்துனப்ப கதவு வரைக்கும் ஓடினேன்."

என் கை அவர் முதுகில் நின்றுவிட்டது.

"தேய்" என்றார். "உனக்கு நெத்தியில வேர்த்திருக்கு பாரு. அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியாது."

மின்சார ஆபீசுக்கு, எங்கள் பேச்சில் மின்சாரக் கந்தோருக்கு, அவர் தனியாகத்தான் போனார். காலையிலேயே பஸ்ஸில் போய்விடுவார். அங்கே இருந்தவர் தோட்டத்துக் காணி, தோட்டத்து நிர்வாகம் சம்மதம் கொடுத்தால்தான் கம்பம் நட முடியும் என்றார். தோட்டத்துக் கந்தோரில் கேட்டால், கரண்டு எங்கள் வேலையில்லை, அவர்களைக் கேள் என்றார்கள். இரண்டு பக்கமும் அலைந்து முடித்த பிறகு, அக்கா மின்சாரக் கந்தோரின் உள்ளறைக்கு வெளியே இருந்த வாங்குப் பலகையில் உட்காரத் தொடங்கினார். அந்த அறையில் ஏசி உண்டு. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று வரும். "ஹெட்ட என்ன" என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னாராம், நாளைக்கு வரச் சொல்லி. அக்காவும் சிங்களத்திலேயே, "நாளைக்கும் வருவேன், இன்னைக்கும் இருப்பேன். இங்க எனக்குச் சுகமா இருக்கு" என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன். இழுபட்ட கழுத்துத் தோல் சிரிப்பைப் பாதியில் பிடித்து நிறுத்திவிடும்.

அடுத்த வருடம் மாசி, பங்குனி இரண்டும் காய்ந்தன. ஊற்றில் தண்ணீர் சொட்டத்தான் செய்தது. கொஞ்சம் ஊறியதும் செல்வராஜ் அண்ணன் மோட்டாரைப் போடுவார், காற்றை இழுத்ததும் நிறுத்துவார், பிறகு மறுபடியும் போடுவார். நேரம் காலம் இல்லாமல் போயிற்று. அக்கா அதற்கேற்ப அணைத்து அணைத்துப் போட்டார். ஒரு மத்தியானம் கருகல் நாற்றம் பள்ளத்திலிருந்து மேலே வந்தது. மோட்டார் எரிந்துபோயிருந்தது.

சாயங்காலம் லயத்து வாசலில் எல்லோரும் கூடினார்கள். பேச்சு நேராக அக்காவிடம் வந்து நின்றது.

"மோட்டார் ஓடுறப்ப நான் அணைச்சுத்தான் இருந்தேன்" என்றார் அக்கா.

"அதை யாரு பாத்தா?" என்றார் என் மாமியார்.

"அணைச்சுத்தான் இருந்தாங்க" என்றேன் நான். "இன்னைக்குப் பிள்ளைக் காம்பரா லீவு, நான் வீட்டுலதான் இருந்தேன். சுவத்துல சத்தமே இல்ல."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ உள்ள போ" என்றார். என் வார்த்தை அங்கே எடுபடவில்லை. ஒரு ஆளுக்குக் குளிர் வேண்டும் என்பதற்காகப் பத்து வீடு தண்ணீரில்லாமல் சாகிறதா என்று யாரோ கேட்டார்கள். அக்கா எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"எனக்கும்தான் தண்ணி இல்ல. கந்தோருக்கு நான் ஒத்தையாப் போனேன், ஒத்தையாவே வந்தேன். நாளைக்கு எல்லாரும் வாங்க. எல்லாரும் வந்தா அவங்களால 'நாளைக்கு வா'ன்னு சொல்ல முடியாது."

"இருக்கிறதை வச்சுச் சமாளிக்கத் தெரியணும்" என்றார் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் எல்லோரும் குடங்களை எடுத்துக்கொண்டு தூரத்து ஆற்றுக்குப் போயிருந்தோம். வெயில் ஏறி ஏறி, திரும்பி வரும்போது பாதையில் காலை வைக்க முடியவில்லை. வீட்டுக்குள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். சுவர் மௌனமாக இருந்தது. மோட்டார் இல்லாத நாளில் அந்த நேரத்துக்கு ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே வந்து பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போகிற வயர் கூரை ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தொங்கியது.

கூப்பிட்டேன். பதிலில்லை. என் வீட்டுக்காரர் கதவுத் தாழை உடைத்தார். அக்கா வெறும் சிமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். போர்த்தியிருந்த ஈரத் துணி காய்ந்து மடமடத்தது. தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டது போலிருந்தது. வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தையும் புரியவில்லை.

நான் என் குடத்தைக் கொண்டுவந்து அவர் மேல் ஊற்றினேன். போதவில்லை. என் சத்தம் கேட்டு வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்த் தங்கள் குடங்களைக் கொண்டுவந்தார்கள். ஆற்றிலிருந்து அந்த வெயிலில் தலையில் சுமந்து வந்த தண்ணீர், அன்றைக்குச் சோறாக்க வைத்திருந்த தண்ணீர். என் மாமியாரும் கொண்டுவந்தார். ஆட்டோ வரும்வரை ஊற்றினோம். பிறகு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்கா முதலில் போனது பொலிசுக்குத்தான். தலைவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் துணைக்குப் போயிருந்தேன்.

"ஒரே லயத்து ஆளுங்க, சேர்" என்றார் தலைவர் இன்ஸ்பெக்டரிடம். "அன்னைக்குத் தண்ணி ஊத்திக் காப்பாத்துனதும் இவங்கதான். இதோட விட்டுடலாம்."

"தண்ணி ஊத்துனவங்களுக்கு வீடு வீடாப் போய் நன்றி சொல்லிட்டேன்" என்றார் அக்கா. "வயரை வெட்டுனது யாருன்னு கேக்குறேன். அது வேற."

யார் என்று லயத்தில் பலருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய பெண்களும்கூட. எனக்கு இன்றுவரை தெரியாது.

சித்திரை பிறப்பதற்கு முன்னால் அக்கா கிளம்பினார். பட்டிப்பொலவில் அவருடைய தமக்கை மகள் ஒருத்தி வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். ரயில் பாதையிலேயே மிக உயரமான இடம், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போடுகிற ஊர். முன்பே அங்கே போயிருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "என் வீடு இங்க இருக்கு, நான் ஏன் போகணும்?" என்று கேட்டவர்தான். போகிற அன்று நானே பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் ரயிலேறிய பிறகு ஜன்னல் வழியாக, "புள்ள, மூச்சு விடணும்ல" என்றார். யாருக்கோ விளக்கம் சொல்கிற மாதிரி இருந்தது.

லயத்தில் பணம் போட்டுப் புது மோட்டார் வாங்கினார்கள். மழையும் பெய்தது. அடுத்த வருடம் வெயில் திரும்பி வந்தபோது புது மோட்டாரும் எரிந்தது. அக்காவின் காம்பரா பூட்டிக் கிடந்தது. வெட்டிய வயர் வெட்டியபடி தொங்கியது. அன்று சாயங்காலம் யாரும் வாசலில் கூடவில்லை. அவரவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமியார்தான் என்னிடம் வந்தார். "அவளுக்குத்தான் அந்தக் கந்தோர்ல ஆளுங்களைத் தெரியும். போய்க் கூட்டிட்டு வருவமா?" என்றார்.

அவரும் நானும் செல்வராஜ் அண்ணனின் மனைவியும் ரயிலேறினோம். பட்டிப்பொலவில் இறங்கும்போது பனிமூட்டம் தண்டவாளத்தை மூடியிருந்தது. அக்கா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையைச் சுற்றி அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். முழங்கை மடிப்பில் தோல் வெடித்து இரத்தம் கட்டியிருந்தது. மூச்சில் ஒரு கீச்சுச் சத்தம். தலைக்கு மேலே பல்ப் பட்டப்பகலிலும் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

"இங்க கரண்டு நல்லா இருக்கு" என்றார். "சூட்டுக்கும் ஆகாது, குளிருக்கும் ஆகாது, இந்தத் தோலு மட்டும்தான் சரியில்ல."

மாமியார் வந்த விஷயத்தைச் சொன்னார். அக்கா முழுதும் கேட்டார். பிறகு எப்படிப் போக வேண்டும் என்று சொல்லித் தந்தார். முன்னால் இருக்கிற ஜன்னலில் நிற்காதீர்கள், மாடிக்கு ஏறுங்கள். தோட்டத்து நிர்வாகத்தைக் கேள் என்பார்கள், அப்போது தோட்டத்து ஆளையும் இங்கேயே வரச் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் போங்கள். பதில் வரும்வரை எழும்ப வேண்டாம்.

"நீயும் வாம்மா" என்றார் மாமியார். "நீ முன்னால நின்னா எங்களுக்குத் தைரியம்."

"நான் கூப்பிட்டப்ப எத்தன பேரு வந்தீங்க?"

"அதை மனசுல வச்சுக்காத. இந்த ஒரு தரம் மட்டும்" என்றார் மாமியார்.

"மனசுலதான் வச்சிருக்கேன். வேற எங்க வைக்கிறது?" என்றார் அக்கா. பிறகு எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தரச் சொன்னார். குடித்தோம். கிளம்பும்போது என் கையை மட்டும் ஒரு தரம் பிடித்தார்.

அவர் சொன்ன மாதிரியே போனோம். லயமே திரண்டு போய் மாடிப்படியெல்லாம் உட்கார்ந்தோம். ஒரு நாளில் முடியவில்லை. பல தடவை போக வேண்டியிருந்தது. கடைசியில் கம்பம் நட்டார்கள், தடித்த வயர் இழுத்தார்கள், லயத்துப் பாதை முடக்கில் புது ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பல்ப் எரிந்தபோது எங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு கரி பிடித்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். அக்காவுக்குச் சொல்லப் போன் எடுத்தேன். அவர் நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளியோடு கிடக்கிறார் என்று தமக்கை மகள் சொன்னாள். கரண்டு வந்துவிட்டது என்று சொல்லிவிடு என்றேன். சொன்னாளாம். தலையை ஆட்டினாராம்.

அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனார்.

லயத்து ஆட்கள் லொறி பிடித்தார்கள். சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கிற தப்புக்காரர்களுக்குச் சொன்னார்கள், தோட்டத்து மயானத்தில் அவருடைய அப்பா அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்ட ஆள் விட்டார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. பட்டிப்பொல போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. தலைவர் முன்னால் போய், "எங்க தோட்டத்துப் பிள்ளை. நாங்க கொண்டு போய் மரியாதையா அடக்கம் பண்றோம்" என்றார்.

தமக்கை மகள் வாசலில் நின்றாள். சின்னப் பெண், அழுது முகம் வீங்கியிருந்தது.

"வேணாங்க" என்றாள். "சின்னம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அந்த லயத்துக்கு மட்டும் என்னையக் கொண்டு போகாதீங்கன்னு."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கரட் கிழங்குத் தோட்டங்களுக்கு மேலே இருந்த மயானத்தில் அடக்கம் செய்தார்கள். எங்கள் ஆட்கள் வேலிக்கு வெளியே தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள். தப்புக்காரர்கள் தப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். என்னை மட்டும் தமக்கை மகள் உள்ளே கூப்பிட்டாள். நான் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து லொறியில் ஏறிக்கொண்டேன்.

தோட்டத்தில் வெட்டி வைத்த குழியை மறுநாள் மூடினார்கள்.